புகை பீர் குடிக்க நன்றாக இருக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூரம்பெர்க் பக்கம் வேலைக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒரு நாள் பாம்பெர்க்குக்குக் கூட்டிக்கொண்டு போவேன். ரயிலில் முக்கால் மணி நேரம். ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், ஃபிராங்கோனியா என்று சொல்லப்படும் வடக்குப் பகுதியில் இருக்கிற பழைய ஊர் அது; 1993 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. வருகிறவர்கள் ரெக்னிட்ஸ் ஆற்றின் நடுவில் நிற்கும் பழைய நகர மன்றத்தைப் படம் எடுப்பார்கள், மேட்டில் இருக்கும் கதீட்ரலை ஒரு சுற்றுச் சுற்றுவார்கள், அப்புறம் அந்த ஊரின் விசேஷமான, புகை வாசம் வீசும் பீர் முன்னால் வந்து உட்காருவார்கள். முதல் மடக்கு உள்ளே போனதும் கேள்விகள் ஆரம்பிக்கும். யார் வந்தாலும் கேள்விகள் கிட்டத்தட்ட அதேதான். சொல்லிச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதி வைக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், குடிக்க நன்றாக இருக்குமா?

எனக்கு நன்றாக இருக்கிறது. ஆனால் முதல் தடவை பிடிக்கவில்லை. பாதி கிளாஸ் வைத்துவிட்டு எழுந்து வந்தேன். காசு கொடுத்துப் புகையைக் குடிப்பானேன் என்றுதான் அன்றைக்குத் தோன்றியது.

நான் கூட்டிப்போனவர்களை வைத்துச் சொன்னால், வெறும் வயிற்றில், சிட்டிகை போட்டு ருசி பார்ப்பதுபோல் ஒரு வாய் மட்டும் குடித்தவர்களுக்குப் பிடிப்பதில்லை. சாப்பாட்டோடு அரை மணி நேரம் உட்கார்ந்து குடித்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் இரண்டாவது கிளாஸ் கேட்டிருக்கிறார்கள். இந்த பீரை ஒரு வாயில் எடைபோட முடியாது. அதற்கான காரணம் கீழே வருகிறது.

புகையை எப்படி பீருக்குள் விடுகிறார்கள்?

பீருக்குள் யாரும் புகையை விடுவதில்லை. புகை ஏறுவது அதற்கு முந்தின கட்டத்தில், தானியத்தில்.

பார்லியை ஊறவைத்து முளைகட்ட விடுவார்கள், நம் வீட்டில் பயறு கட்டுவதுபோல. முளை கொஞ்சம் வந்ததும் அதை நிறுத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற மாவுச்சத்தை முளையே தின்றுவிடும். நிறுத்துவதற்கு வழி, சூடு காட்டி உலர்த்துவது. அப்படி உலர்ந்த முளைதான் மால்ட். இன்றைக்கு உலகத்தில் பெரும்பாலான மால்ட் வெறும் சூடான காற்றில் உலர்கிறது. பாம்பெர்க்கின் புகை மால்ட்டுக்கு அடியில் பீச் மரக் கட்டைகளை எரிக்கிறார்கள். (கடற்கரை பீச் இல்லை. ஐரோப்பியக் காடுகளில் ஓங்கி வளரும் மரம் அது. அதன் விறகு நின்று எரியும்.) துளை போட்ட தளத்தில் ஈர முளையைப் பரப்பி வைத்திருப்பார்கள். சூடும் புகையும் சேர்ந்தே அதன் வழியாக மேலே ஏறும். தானியம் ஈரமாக இருக்கும்போதுதான் புகை நன்றாகப் பிடிக்கும். காய்ந்த பிறகு எவ்வளவு புகைத்தாலும் அந்த அளவுக்கு ஒட்டாது.

அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் எந்த லாகர் பீருக்கும் நடப்பதுதான். மால்ட்டை அரைத்து வெந்நீரில் ஊறவைப்பது, வடித்த சாற்றை ஹாப்ஸ் (கசப்புக்காகச் சேர்க்கிற ஒரு கொடியின் பூ) போட்டுக் கொதிக்கவைப்பது, ஈஸ்ட் சேர்த்துக் குளிரில் புளிக்கவிடுவது, வாரக்கணக்கில் நிலவறையில் போட்டு வைப்பது. எசன்ஸோ புகைத் திரவமோ எதுவும் சேர்ப்பதில்லை.

முதல் வாயில் ஏன் கருவாடு மாதிரி இருக்கிறது?

இந்தக் கேள்வியை எனக்கு அறிமுகப்படுத்தியவன் தூத்துக்குடியிலிருந்து வந்த என் பெரியப்பா மகன். கருப்பட்டிக் காப்பி நிறத்தில், மேலே பழுப்பேறிய நுரையோடு கிளாஸ் வந்து நின்றது. தூக்கினான், முகர்ந்தான், ஒரு வாய் குடித்தான். கிளாஸை ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டு, "என்னல இது, மாசித் தண்ணியா?" என்றான்.

அவன் சொன்னது சரியான ஒப்பீடு. மாசிக்கருவாடு வெறுமனே வெயிலில் காய்வது இல்லை. சூரை மீனை அவித்து, புகை காட்டி, அப்புறம்தான் கட்டையாகும்வரை காயவைக்கிறார்கள். மரம் எரியும்போது அதில் இருக்கிற லிக்னின் என்ற பொருள் சிதைந்து குவாயகால், சிரிங்கால் போன்ற சேர்மங்கள் வருகின்றன. நாம் 'புகை வாசம்' என்று சொல்வதில் பெரும்பங்கு இவைதான். அது மீனில் ஏறினாலும், இறைச்சியில் ஏறினாலும், பார்லியில் ஏறினாலும் மூக்குக்கு ஒன்றுதான். மூளை தனக்குத் தெரிந்த பொருளின் பெயரைச் சொல்லும். ஜெர்மன்காரருக்குப் புகையூட்டிய பன்றித் தொடை நினைவுக்கு வருகிறது, அமெரிக்கருக்கு பேக்கன், தூத்துக்குடிக்காரனுக்கு மாசி. என் மனைவிக்கு அவள் ஆச்சி வீட்டு விறகடுப்பு. அவள் சைவம், அதனால் கருவாட்டுப் பக்கமே அவள் நினைப்பு போகவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நம் சமையலில் புகை பெரும்பாலும் குற்றம். பால் புகைந்துபோச்சு, சோறு அடிப்பிடிச்சுப் புகைநாற்றம் அடிக்குது என்று முகம் சுளித்துத்தான் பழக்கம். சுட்ட கத்தரிக்காய், விறகில் ஆக்கிய கல்யாணப் பிரியாணி என்று சில இடங்களில் மட்டும் அதைப் புகழ்வோம். குடிக்கிற பொருளில் புகை வந்தால் 'ஏதோ கெட்டுப்போச்சு' என்றுதான் முதலில் தோன்றும். எதிர்பார்க்காத இடத்தில் வந்து நிற்கிற வாசம் என்பதுதான் முதல் வாயின் பிரச்சினை. வாசம் மோசம் என்பதில்லை.

உள்ளே பன்றிக்கறி எதுவும் போடுகிறார்களா?

இல்லை. தண்ணீர், மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட், அவ்வளவுதான். சைவர்கள் தாராளமாகக் குடிக்கலாம். பக்கத்து மேசைத் தட்டில் என்ன வரும் என்பதற்கு நான் பொறுப்பில்லை.

மூன்று கிளாஸ் குடித்தால்தான் பிடிக்கும் என்கிறார்களே, விற்பதற்காகச் சொல்கிற கதையா?

பாதி வியாபாரம், பாதி உண்மை. பாம்பெர்க்கில் புகை பீருக்குப் பேர்போன ஷ்லெங்கர்லா மதுக்கூடத்தில் கிளாஸுக்கு அடியில் வைக்கிற அட்டையிலேயே, முதல் வாய் விநோதமாக இருந்தால் மனம் தளர வேண்டாம், குடிக்கக் குடிக்கத் தாகம் அடங்காமல் இன்பம் கூடும் என்கிற பொருளில் பழைய நடை ஜெர்மனில் அச்சடித்திருக்கிறார்கள். இந்தப் பகுதியில் அரை லிட்டருக்கு சைட்லா என்று பெயர். மூன்று சைட்லா என்றால் ஒன்றரை லிட்டர். அவ்வளவு உள்ளே போனால் எனக்கு எந்த பீரும் பிடிக்கும்!

உண்மையான பாதி இதுதான்: ஒரே வாசனை தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் மூக்கு அதைப் பொருட்படுத்துவதை நிறுத்திவிடும். ஊதுபத்தி ஏற்றிய அறைக்குள் நுழையும்போது மூக்கைத் துளைக்கிற வாசம், பத்து நிமிடம் கழித்து இருக்கிறதா என்றே தெரியாது. இங்கேயும் அப்படித்தான். முதல் வாயில் புகை மட்டும்தான் தெரியும். கால் கிளாஸ் தாண்டினால் புகை கொஞ்சம் ஒதுங்கி, பின்னால் இருந்த மால்ட் வெளியே வரும். ரொட்டியின் மேல்தோல் போல, கொஞ்சம் கருகிய சீனிப்பாகு போல, கடைசியில் ஹாப்ஸின் உலர்ந்த கசப்பு. அதுவரை பொறுக்காதவர்கள் பீரை ருசி பார்க்காமலே எழுந்து போகிறார்கள். இதற்கு மூன்று கிளாஸ் எல்லாம் வேண்டாம், அரைக் கிளாஸ் போதும்.

பெரியப்பா மகன் கதையை முடித்துவிடுகிறேன். தள்ளி வைத்த கிளாஸை சாப்பாடு வந்ததும் இழுத்துக்கொண்டான். இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் அடியில் ஒரு விரல்கடை நுரை மட்டும் இருந்தது. "மாசித் தண்ணிதான். ஆனா நல்ல மாசி" என்றான்.

அந்தக் காலத்தில் எல்லா பீருமே புகை பீர்தானாமே?

பெரும்பாலும் என்று சொல்லலாம், எல்லாம் என்று சொல்ல முடியாது. நேரடித் தீயில் மால்ட் உலர்த்திய காலத்தில், விறகு எரித்தால் புகை ஏறத்தான் செய்யும். ஆனால் வெயிலிலும் காற்றிலும் உலர்த்திய இடங்கள் உண்டு. இங்கிலாந்தில் புகை குறைய வேண்டும் என்று வைக்கோல் எரித்திருக்கிறார்கள். புகையை அன்றைக்கும் பலர் விரும்பவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். 1635இல் நிக்கலஸ் ஹால்ஸ் என்பவர் புகை தொடாமல் மால்ட் உலர்த்தும் சூளைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். அதே நூற்றாண்டில் டெர்பிஷயர் பக்கம் நிலக்கரியைச் சுட்டுக் கிடைக்கும் கோக் கரியில் மால்ட் உலர்த்த ஆரம்பித்தார்கள். கோக் புகையாது. வெளிர் நிற மால்ட்டும் அதிலிருந்து வெளிர் நிற பீரும் பரவியது அந்த வழியில்தான். அடுத்த இருநூறு ஆண்டுகளில் சூடான காற்றுச் சூளைகள் எல்லா இடத்துக்கும் வந்தன. புகை வாசம் பீரின் இயல்பு என்கிற நிலை மாறி, விசேஷம் ஆகிவிட்டது.

பாம்பெர்க்கில் மட்டும் ஏன் தப்பியது?

பழைய முறையைக் காப்பாற்ற வேண்டும் என்று யாரோ சபதம் எடுத்ததால் என்று நான் நினைக்கவில்லை. மற்ற ஊர்களில் சின்ன ஆலைகள் சொந்தமாக மால்ட் செய்வதை விட்டுவிட்டுப் பெரிய மால்ட் ஆலைகளிடம் வாங்க ஆரம்பித்தன. வாங்கிய மால்ட்டில் புகை கிடையாது. பாம்பெர்க்கில் ஷ்லெங்கர்லா, ஷ்பெட்சியால் என்ற இரண்டு குடும்ப ஆலைகள் சொந்தச் சூளையை அணையவிடவில்லை. இன்றைக்கும் தங்கள் புகை மால்ட்டைத் தாங்களே செய்கிறார்கள்.

ஊரும் அதற்கு ஏற்ற ஊர். 1516இல் வந்த பவேரியத் தூய்மைச் சட்டத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். தண்ணீர், மால்ட், ஹாப்ஸ் தவிர வேறெதுவும் பீரில் சேர்க்கக் கூடாது என்கிற ஆணையை பாம்பெர்க் ஆயர் 1489லேயே போட்டுவிட்டார். அப்போது பாம்பெர்க் பவேரியாவில் சேராத, ஆயரே ஆண்ட தனி ஆட்சி. இதை உள்ளூர்க்காரர் யாரிடமாவது எடுத்துக் கொடுத்துப் பாருங்கள், அரை மணி நேரம் பேச்சுக்குப் பஞ்சம் இருக்காது.

இப்போது உலகம் முழுக்கப் புகை பீர் செய்கிறவர்களும் இந்த ஊரை நம்பித்தான் இருக்கிறார்கள். 1879இல் தொடங்கிய வையர்மன் மால்ட் ஆலை இங்கேதான் இருக்கிறது. அதன் பீச் புகை மால்ட் பல நாடுகளுக்குப் போகிறது. காற்று அந்தப் பக்கத்திலிருந்து அடித்தால் ரயில் நிலையத்தை விட்டு இறங்கும்போதே ஹார்லிக்ஸ் டப்பாவைத் திறந்த வாசம் வரும்.

ஷ்லெங்கர்லாவா, ஷ்பெட்சியாலா? எதில் ஆரம்பிப்பது?

ஷ்பெட்சியாலில் ஆரம்பியுங்கள். ரயில் நிலையத்திலிருந்து ஊருக்குள் நடக்கிற வழியிலேயே, மேல் கோனிக் தெருவில் இருக்கிறது. 1536 முதல் இருக்கிற இடம். அவர்களுடைய புகை லாகர் செம்பு நிறத்தில் இருக்கும். புகை மெல்லிதாக, சட்டையில் ஒட்டிய அடுப்பு வாசம் மாதிரி வரும். புகை பீர் என்று தெரியாமல் கொடுத்தால் சிலர் கண்டுபிடிக்கவே மாட்டார்கள். எதிர்த்த சாரியிலேயே ஃபேஸ்லா என்று இன்னொரு பழைய ஆலை. அங்கே புகையில்லாத பீர். தெருவைக் குறுக்கே கடந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஷ்லெங்கர்லா வேறு ரகம். கதீட்ரல் மேட்டுக்கு அடியில், பழைய ஊரின் டொமினிகனர் தெருவில் இருக்கிறது. இந்த இடத்துக்கு 1405லேயே எழுத்துப் பதிவு உண்டு. பெயருக்கு ஒரு கதை: முன்பு ஆலையை நடத்திய ஒருவர் கையையும் காலையும் வீசி வீசித் தள்ளாடினாற்போல் நடப்பாராம். அப்படி நடப்பதற்கு உள்ளூர் ஜெர்மனில் இருக்கிற சொல்லை வைத்து ஊர்க்காரர்கள் அவரைக் கேலி செய்ய, அதுவே கடைக்கும் பீருக்கும் பெயராகிவிட்டது. நம் ஊரில் 'நொண்டியண்ணன் கடை' பெயர்ப்பலகை ஏறுவது மாதிரிதான்.

அங்கே எப்போதும் கிடைப்பது மெர்ட்சன் என்கிற புகை பீர், ஆல்கஹால் 5.1 சதவீதம். மதுக்கூடத்தில் அதை மரப்பீப்பாயிலிருந்து நேராகக் கிளாஸில் இறக்குகிறார்கள். காஸ் அழுத்தம் கிடையாது, பீப்பாய் தன் கனத்திலேயே ஊற்றும். அதனால் நாக்கில் முள்ளாகக் குத்தாது, வழுவழுப்பாக இறங்கும். பாட்டிலில் குடித்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்களிடம் பீப்பாயில் ஒரு முறை குடித்துப் பாருங்கள் என்று சொல்வேன். ஒரு பீப்பாய் தீர்ந்து அடுத்ததில் குழாயைச் சுத்தியலால் அடித்து இறக்குகிற சத்தம் கேட்டால், அந்தப் பக்கம் திரும்பி உட்காருங்கள். புதுப் பீப்பாயின் முதல் கிளாஸ்களுக்காகவே சிலர் நடைவழியில் காத்து நிற்பார்கள்.

அக்டோபர் வாக்கில் ஊர்பாக் வரும், 6.5 சதவீதம். இனிப்பும் கனமும் கூடியது, புகையும் அதற்கு ஈடுகொடுக்கும். கிறிஸ்துமஸை ஒட்டி ஐகெ என்று ஒன்று வரும். ஜெர்மனில் ஓக் மரம் என்று பொருள். பீச்சுக்குப் பதில் ஓக் விறகில் உலர்த்திய மால்ட், 8 சதவீதம். பெயரும் சதவீதமும் பார்த்துப் பயப்படுவார்கள், ஆனால் ஓக் புகை மெர்ட்சனின் புகையைவிட மெத்தென்று இருக்கிறது. என்னைக் கேட்டால் அந்த ஆலையின் மிகச் சிறந்த பீர் அதுதான். ஒருவர் ஒன்றை முழுதாக முடிக்க வேண்டும் என்று கட்டாயமில்லை, பங்கு போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். அவர்களுடைய ஹெல்லெஸ் என்கிற வெளிர் பீரில் புகை மால்ட் சேர்ப்பதே இல்லை. இருந்தாலும் புகை வரும். அதே செம்புக் கொப்பரை, புகை பீரில் வேலைசெய்த அதே ஈஸ்ட், அதிலிருந்து ஒட்டுகிற வாசம். மீன் குழம்பு வைத்த சட்டியில் அடுத்த நாள் ரசம் வைத்தால் வருமே, அதே சங்கதி. பயந்த சுபாவம் உள்ளவர்கள் இதில் தொடங்கலாம்.

கூட என்ன சாப்பிடுவது?

இதைத்தான் முதல் கேள்வியாக வைத்திருக்க வேண்டும். புகை பீர் தனியாகக் குடிக்கிற பீர் இல்லை. பாம்பெர்க்கிலும் அதைச் சாப்பாட்டு மேசைக்கு உரியதாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

உள்ளூர்ச் சாப்பாட்டில் இரண்டு. ஒன்று, பாம்பெர்க் வெங்காயம்: பெரிய வெங்காயத்தைக் குடைந்து, கொத்துக்கறி அடைத்து வேகவைத்து, மேலே புகை பீர் சேர்த்த குழம்பை ஊற்றித் தருவார்கள். இரண்டு, ஷோய்ஃபர்லா: பன்றியின் தோள்பட்டை எலும்போடு, தோல் மொறுமொறுவென்று ஆகும்வரை அடுப்பில் சுட்டது. கொழுப்பு நாக்கில் படிந்த பிறகு இந்த பீர் ஒரு மடக்கு இறங்கினால் வாய் கழுவினாற்போல் ஆகிவிடும். இறைச்சி வேண்டாதவர்களுக்கு உப்பு ரொட்டி, பாலாடைக்கட்டி. புகையூட்டிய பாலாடைக்கட்டி வேண்டாம். இரண்டு புகையும் ஒன்றாகச் சேர்ந்து எதுவும் தெரியாமல் போய்விடும்.

நம் சாப்பாட்டோடு நானே வீட்டில் வைத்துப் பார்த்திருக்கிறேன். மிளகு தூக்கலாக வறுத்த கறி பிரமாதம், பீரின் இனிப்பு மிளகைத் தாங்கிக்கொள்ளும். சுட்ட கத்தரிக்காய்த் துவையல் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகப் போனது. மாசிச் சம்பலும் வைத்துப் பார்த்தேன், புகைமேல் புகை, பாலாடைக்கட்டிக்குச் சொன்னதேதான். மிளகாய்க் காரம் சரிப்படாது. நுரைக்கிற எந்த பானமும் காரத்தைக் கிளறித்தான் விடும். சாம்பார், புளிக்குழம்பு எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. தேங்காய் எண்ணெயில் பொரித்த நேந்திரங்காய் சிப்ஸ் யோசிக்காமல் வாங்கி வைக்கலாம்.

ஸ்காட்ச் விஸ்கியின் புகை மாதிரி இருக்குமா?

இருக்காது. ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கிகளின் புகை விறகிலிருந்து வருவதில்லை. சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அழுகிப் படிந்த தாவரக் கட்டி, பீட் என்பார்கள், அதை எரித்து வருவது. அந்தப் புகையில் ஃபீனால், கிரெசால் வகைகள் தூக்கலாக இருக்கும். அதனால்தான் அதில் ஆஸ்பத்திரி, டிஞ்சர், கடல்பாசி என்றெல்லாம் வாசம் பிடிக்கிறோம். பீச் புகை அதைவிடச் சாந்தமானது, சாப்பாட்டை நினைவுபடுத்துவது.

பீட் மால்ட் போட்டும் சில இடங்களில் பீர் செய்கிறார்கள். நான் குடித்த இரண்டு மூன்றும் கட்டுப்போடும் அறையில் உட்கார்ந்து குடித்ததுபோல் இருந்தது. விஸ்கி பிரியர்கள் சண்டைக்கு வரலாம். புகை பீர் பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, குடித்தது பீட்டா பீச்சா என்றுதான்.

வேறு ஊர்களில் கிடைக்காதா?

கிடைக்கும், எல்லாம் ஒரே ருசி இல்லை.

போலந்தில் குரோஜிஸ்க் என்று ஒரு ஊர். அங்கே பார்லியே இல்லாமல், ஓக் புகையில் உலர்த்திய கோதுமை மால்ட்டில் மட்டும் பீர் செய்தார்கள். ஊர்ப் பெயரை வைத்து குரோஜிஸ்கியே. மூன்று சதவீதத்தை ஒட்டித்தான் ஆல்கஹால். வெளிர் மஞ்சள், பொங்கும் நுரை. போலந்தின் ஷாம்பெயின் என்று செல்லப் பெயர். ஊரின் கடைசி ஆலை 1993இல் மூடியது. 2015இல் மறுபடி அங்கேயே தொடங்கினார்கள். கோடைக்காலப் பகலில் குடிக்க இது நல்ல லேசான புகை பீர். பாம்பெர்க் பீர் கனம் என்று ஒதுங்கியவர்களுக்கு இதைத்தான் கொடுப்பேன்.

அமெரிக்காவில் அலாஸ்கா மாநிலத்தின் ஜூனோ நகரில் 1988இல் போர்ட்டர் என்கிற கருநிற வகையில் ஒரு புகை பீர் ஆரம்பித்தார்கள். எதிரிலேயே மீனுக்குப் புகையூட்டும் கூடம் இருந்தது. மால்ட்டைக் கொண்டுபோய் அங்கே ஆல்டர் மரப் புகையில் வைத்து எடுத்தார்கள். சால்மன் மீனுக்கு ஏற்றுகிற அதே புகை. கருவாட்டு ஒப்பீடு சொன்ன நம் ஆள் சரியான வழியில்தான் போயிருக்கிறான்! வருடக்கணக்கில் பாட்டிலில் பாதுகாத்து வைத்துக் குடிக்கிற பழக்கமும் இந்த பீருக்கு உண்டு.

ஜெர்மனியின் தூரிங்கியா பக்கம் லிக்டன்ஹைனர் என்று புளிப்பும் புகையும் கலந்த ஒன்று உண்டு. ஸ்வீடனின் கோட்லாந்து தீவில் வீட்டுப் பீருக்கு பிர்ச் மரப் புகை, ஜூனிபர் என்ற புதர்ச்செடியின் கிளை. நார்வேயின் ஸ்டியோர்டால் பகுதியில் விவசாயிகள் இன்றும் ஆல்டர் புகையில் தாங்களே மால்ட் உலர்த்துகிறார்கள்.

சாதாரண பீரில் புகை வாசம் வந்தால் அதுவும் நல்லதுதானா?

இல்லை, அது கோளாறு. லேபிளில் புகை என்று இல்லாத பீரில் புகையோ, கிராம்போ, பிளாஸ்திரி வாடையோ வந்தால், வேண்டாத ஈஸ்ட் புகுந்திருக்கலாம் அல்லது தண்ணீரிலிருந்த குளோரின் வேலையைக் காட்டியிருக்கலாம். (கோதுமை பீரில் கிராம்பு வாசம் வருவது மட்டும் விதிவிலக்கு, அது அதன் ஈஸ்ட்டின் குணம்.) கரண்டி வைத்து அளக்க முடியாது, ஆனால் வித்தியாசம் தெரியும். நல்ல புகையில் பசி வரும், கோளாறான புகையில் மருந்துக்கடை நினைவு வரும்.

எவ்வளவு குளிராகக் குடிக்க வேண்டும்?

ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்து ஒரு கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டு. எட்டு முதல் பத்து டிகிரி சரியாக இருக்கும். பற்கள் கூசுகிற குளிரில் மால்ட் மரத்துப்போய் புகையும் கசப்பும் மட்டும் மிஞ்சும்.

புகை உடம்புக்குக் கெடுதல் இல்லையா?

1970களின் கடைசியில் ஜெர்மனியில் பீரில் நைட்ரோசமீன் என்ற நச்சு இருப்பது தெரியவந்தது. நேரடித் தீயில் மால்ட் உலர்த்துவதுதான் முக்கியக் காரணம் என்று கண்டுபிடித்து, மால்ட் ஆலைகள் உலர்த்தும் முறையை மாற்றின. புகை மால்ட் இன்னும் தீயின் மேல்தான் உலர்கிறது, அதனால் கேள்வி நியாயமானதுதான். ஆனால் கிளாஸில் இருக்கிற பெரிய ஆபத்து ஆல்கஹால்தான். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மதுவையே புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. புகை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, எப்போதாவது ஒன்று என்பதுதான் என் கணக்கு. குடிக்காதவர்கள் இதற்காக ஆரம்பிக்க வேண்டாம். காரில் வந்தால் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

எல்லாம் செய்தும் பிடிக்கவே இல்லை என்றால்?

பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை. பாம்பெர்க்கிலேயே புகை பீரைத் தொடாதவர்கள் இருக்கிறார்கள். ஊருக்குள் வேறு ஆலைகள் நிறைய உண்டு, அவர்களுக்கு அவை போதும். என் அலுவலக நண்பர் ஒருவர், பாம்பெர்க்கில் பிறந்தவர், ஷ்லெங்கர்லா வாசலைத் தாண்டும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். பீர் விஷயத்தில் ரசனை இருக்கிறது, இல்லை என்று இதை வைத்து யாரையும் அளக்க வேண்டாம்.

பாட்டிலில் வாங்கி ஊருக்குக் கொண்டுபோகலாமா?

அரை லிட்டர் பாட்டிலில் கிடைக்கும். சுங்க வரம்பைப் பார்த்துக்கொண்டு, பெரிய பெட்டியில் வைத்துப் போகலாம். கையில் எடுத்துப்போகும் பையில் பல விமான நிலையங்களில் விடமாட்டார்கள். ஒவ்வொரு பாட்டிலையும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் உறையில் கட்டி, அதற்கு மேல் துணி சுற்றுங்கள். உறையை மறந்துவிட்டுத் துணி மட்டும் சுற்றினேன் ஒரு தடவை. சென்னையில் பெட்டி வந்தபோது ஒரு மூலை ஈரமாக இருந்தது. வீட்டில் போய்த் திறந்தால் பாட்டில் உடைந்து, அப்பாவுக்கு வாங்கிய இரண்டு வேட்டியும் மெர்ட்சனில் ஊறிக் கிடந்தன. அம்மா ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏய்யா, அவ்வளவு தூரத்துல இருந்து கருவாடா வாங்கிட்டு வந்த?" என்றாள். மூன்று துவைப்புக்குப் பிறகுதான் அந்த வாசம் போனது.